காளான் வளர்க்கும் கருவிகள்: கடைக்காரருக்கு என்ன பயன்?

நமது கடைகளில் வாங்கி அடுக்கினால் மாதக்கணக்கில் நிற்கும் சரக்கும் உண்டு. பால், கீரை போல் அன்றன்றே கணக்கு முடிக்க வேண்டிய சரக்கும் உண்டு. காளான் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதிலும் கீரையைவிடக் கண்டிப்பானது. வாடிய கீரையை விலை குறைத்தாவது தள்ளிவிடலாம். கறுத்துப் பிசுபிசுத்துப் போன காளானை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொட்டலம் 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இருபது பொட்டலம் எடுத்தால் முதல் 800 ரூபாய். பதினாறு பொட்டலம் விற்றவுடன் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். மீதி நான்கு பொட்டலத்தில்தான் நமது லாபம் இருக்கிறது. அந்த நான்கும் கெட்டுப்போனால் இரண்டு நாள் குளிர்பெட்டி ஓடிய மின்சாரச் செலவு நம் தலையில் விழும். ஐந்தாவதும் கெட்டால் நட்டம். இருபதில் நான்கு கெடுவது காளான் வியாபாரத்தில் அரிதான செய்தி அன்று என்பதை இதை விற்றுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்த நட்டம் கடையில் தெரிந்தாலும், அதில் பெரும்பகுதி காளான் விளையும் அறையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்த அறைக்குள் இப்போது புதுக் கருவிகள் வந்துள்ளன. வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து தாமாகவே விசிறியையும் தெளிப்பானையும் இயக்கும் சென்சார்கள். காளானைப் படமெடுத்து அதன் பருவத்தைச் சொல்லும் கேமராக்கள். இவை இரண்டையும் கைத்தொலைபேசியில் காட்டும் செயலிகள். இவற்றைக் காட்டி, கடையின் பின்கட்டையோ காலியான கிடங்கையோ காளான் அறையாக்கலாம் என்று வணிகர்களிடம் முதலீடு கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இக்கருவிகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சரக்கு வாங்கும் நமது கோணத்திலிருந்து பார்ப்பது நல்லது.

சுருங்கச் சொன்னால், சென்சார் என்பது நல்ல கணக்குப்பிள்ளை. வரவு செலவை ஒழுங்காக எழுதும், நேரத்தில் எச்சரிக்கும். ஆனால் வியாபாரத்தை அது நடத்தாது. தவறாகப் பழக்கிவிட்டால் தவறான கணக்கையே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கும்.

காளான் கேட்கும் மூன்று

காளான் செடியன்று. அதற்கு இலை இல்லை, பச்சையம் இல்லை. வைக்கோல், மக்கிய உரம் போன்றவற்றைத் தின்று வளரும் பூசண இனம் அது. நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. பிராண வாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பறித்த பிறகும் இந்த மூச்சு நிற்பதில்லை. காளானின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த நீரைக் காக்கத் தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் இருப்பது போன்ற தடித்த தோல் இதற்குக் கிடையாது. சீக்கிரம் கெடுவதற்கு இவையே காரணம்.

நமது சந்தையில் மூன்று வகை முக்கியமானவை. வாடிக்கையாளர்கள் பட்டன் மஷ்ரூம் என்று கேட்கும் மொட்டுக் காளான் குளிர் கேட்பது. காய்ப்புக்கு வரும்போது அறையில் 16 முதல் 18 டிகிரி வேண்டும். ஆகவே மலைப்பகுதியிலோ, குளிரூட்டிய அறையிலோதான் ஆண்டு முழுவதும் வளரும். இமாசலப் பிரதேசத்தின் சோலன் நகரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் காளான் ஆராய்ச்சி இயக்ககம் அமைந்திருப்பதும், 1997-இல் அந்நகருக்கு இந்தியாவின் காளான் நகரம் என்ற பெயர் சூட்டப்பட்டதும் இக்குளிரோடு தொடர்புடையவை. சிப்பிக் காளான் 20 முதல் 30 டிகிரி வரை தாங்கும். பால் காளான் நமது வெயிலுக்கென்றே அமைந்தது போன்றது. 30 முதல் 35 டிகிரி வரை நன்றாக வரும். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்தக் காளானை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே.2 என்ற ரகமாக வெளியிட்டது. அருப்புக்கோட்டையில் உருவான ரகம் அது. சிப்பியைவிடக் கெட்டியான சதை. கடையிலும் கூடுதலாக நிற்கும். முதலீடு என்று வரும்போது இந்த வேறுபாடு முக்கியம். குளிரூட்டும் செலவு இல்லாத பால் காளானுக்கும், இரவு பகல் இயந்திரம் ஓட வேண்டிய மொட்டுக் காளானுக்கும் ஒரே திட்ட அறிக்கையைக் காட்டுகிறவரிடம் மேலும் பேசிப் பயனில்லை.

எந்த வகையானாலும் கேட்பது மூன்று: சரியான வெப்பம், 85 முதல் 90 விழுக்காடு வரை ஈரப்பதம், காய்ப்புக் காலத்தில் தூய காற்று. இம்மூன்றும் தவறினால் என்னாகும் என்பதைக் காளானே தன் உடம்பில் எழுதிக் காட்டிவிடும். நமக்குப் பயன்படும் செய்தி இது. தண்டு நீண்டு தொப்பி சிறுத்திருந்தால் அந்த அறையில் காற்றோட்டம் போதவில்லை. கரியமில வாயு தேங்கியிருக்கிறது. தொப்பியில் வெடிப்பும் செதிலும் இருந்தால் காற்று வறண்டிருந்தது. வெள்ளைத் தொப்பியில் பழுப்புத் திட்டுகள் வழுவழுப்பாகத் தெரிந்தால் தொப்பியின் மேல் தண்ணீர் நின்று பாக்டீரியா பிடித்திருக்கிறது. மூன்றாவது வகைச் சரக்கை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் அந்தத் திட்டு பரவும்.

சென்சார் பொய் சொல்லும் இடங்கள்

வெப்பம் அளப்பது எளிது. மலிவான கருவியே போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வித்து பரவும் நாட்களில் காளான் படுக்கை தன் மூச்சாலேயே சூடேறும். அறைக் காற்றைவிடப் படுக்கையின் உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். சுவரில் மட்டும் சென்சாரை மாட்டிவிட்டு 25 டிகிரி என்று நிம்மதியாக இருந்தால், உள்ளே இழைகள் வெந்துகொண்டிருக்கக் கூடும். காற்றில் ஒன்று, படுக்கைக்குள் ஒன்று என இரண்டு வேண்டும்.

ஈரப்பதம் அளப்பது அவ்வளவு எளிதன்று. சந்தையில் கிடைக்கும் மலிவான ஈரப்பத சென்சார்கள் வீட்டு அறைக்கு ஏற்றவை. காளான் அறையோ எந்நேரமும் நனைந்த அறை. 90 விழுக்காட்டுக்கு மேல் நாள் கணக்கில் இருந்தால் இவற்றின் அளவு மெல்ல விலகிப்போகும். மேலே நீர்த்துளி படிந்தால் நூறு என்று காட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நூறு என்று கண்ட கருவி தெளிப்பானை நிறுத்திவிடும். காளான் காய்ந்து வெடிக்கும்.

இதைச் சோதிக்க நமது கடைச் சரக்கே போதும். ஒரு சிறு மூடியில் சாதாரண உப்பை இட்டு, கரையாமல் சேறுபோல் நிற்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, சென்சாருடன் காற்றுப் புகாத சாடிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். உப்பு சென்சாரில் படக்கூடாது. ஏழெட்டு மணி நேரம் அசையாமல் இருந்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். 25 டிகிரி வெப்பத்தில் இது இயற்கை விதி. உப்பு எந்தக் கடையில் வாங்கியதானாலும் மாறாது. சென்சார் 75-ஐ ஒட்டிக் காட்டினால் நல்லது. 83 என்றோ 66 என்றோ காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ படிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது நமக்குப் புதிதன்று. இதுவும் அதுவேதான்.

மூன்றாவது கரியமில வாயு. வெளிக்காற்றில் இப்போது பத்து லட்சத்தில் சுமார் 425 பங்கு இந்த வாயு இருக்கிறது. வித்து பரவும் காலத்தில் பைக்குள் இதைப் போலப் பல மடங்கு தேங்கினாலும் இழைகளுக்குக் கவலையில்லை. ஆனால் மொட்டு வெளிவரும் காலத்தில் மொட்டுக் காளானுக்கு 1,000 பங்கை ஒட்டி, அல்லது அதற்குக் கீழே இறக்க வேண்டும். சிப்பிக் காளான் இதிலும் கறாரானது; காற்று போதாவிட்டால் தொப்பி விரியாமல் பவளப் பூண்டு போல் தண்டு தண்டாகக் கிளைத்து நிற்கும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அனுபவசாலியின் மூக்கும் இங்கே உதவாது. சென்சாருக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் அதிகம் இருப்பது இங்கேதான் என்பது நமது கருத்து.

ஆனால் ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். நம்பத்தக்க கருவி அகச்சிவப்பு ஒளியைக் காற்றின் வழியே செலுத்தி, கரியமில வாயு எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று பார்த்து அளக்கிறது. அதைவிடப் பன்மடங்கு மலிவாக விற்கும் எம்.க்யூ.135 போன்ற சில்லுகள் கரியமில வாயுவை நேராக அளப்பதே இல்லை. காற்றில் உள்ள பலவகை ஆவிகளுக்கு அவை இசைகின்றன. அதை வைத்து ஊகமாக ஓர் எண்ணைத் தருகின்றன. ஊறிய வைக்கோலும் மக்கிய உரமும் உள்ள அறையில் ஆவிக்குக் குறைவா? அந்த ஊகம் அங்கே எதற்கும் உதவாது. கருவி விற்பவரிடம், அகச்சிவப்பு ஒளியால் அளப்பதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

நல்ல கருவியிலும் ஒரு கண்ணி உண்டு. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட கரியமில வாயு சென்சார்கள் பலவற்றில், தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ளது. சில நாட்களுக்கு ஒருமுறை, தான் கண்டவற்றில் மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவாக, அதாவது சுமார் 400 என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் திருத்திக்கொள்ளும். அலுவலகம் இரவில் காலியாவதால் அங்கே இது பொருந்தும். காளான் அறை ஒருபோதும் காலியாவதில்லை. அங்கே மிகக் குறைந்த அளவே 900 என்றிருந்தால், அந்த 900-ஐச் சென்சார் 400 என்று எழுதிக்கொள்ளும். அதன் பிறகு உண்மையில் 1,500 இருக்கும்போது 1,000 என்று காட்டும். விசிறி ஓடாது. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிய, காளான் மட்டும் நீண்ட தண்டோடு வரும். இந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை வெளிக்காற்றில் எடுத்து வைத்துக் கையால் சரிசெய்ய வேண்டும்.

மின்வெட்டையும் மறக்கலாகாது. இணையத் தொடர்பு அறுந்தால் விசிறியும் தெளிப்பானும் நின்றுபோகும்படி அமைத்த கருவி நமது ஊர்களுக்கு உதவாது. கட்டளை இடும் பெட்டி அறையிலேயே இருந்து, இணையம் இல்லாமலே தன் வேலையைப் பார்க்க வேண்டும். தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவது கூடுதல் வசதி மட்டுமே.

கணினியின் கண்

அடுத்தது கேமரா. கணினி படம் பார்த்துக் காளானை அறிவது நேற்று முளைத்த யோசனை அன்று. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் இருந்த சில்சோ ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களிலேயே இதில் இறங்கினர். படுக்கைக்கு மேலே கேமராவை நகர்த்தி, வெள்ளைத் தொப்பிகளைக் கணினி அடையாளம் கண்டு, குறுக்களவை அளந்து, உறிஞ்சு குழல் போன்ற கையால் பறிக்கும் இயந்திரம் அது. 2001-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இயந்திரம் பறிக்க முயன்றவற்றில் நூற்றுக்குச் சுமார் எண்பது வெற்றியாக வந்தன. எண்பது என்பது பரிசோதனைச் சாலையில் நல்ல மதிப்பெண். பண்ணையில் மீதி இருபது காளான் நசுங்கியோ படுக்கையிலேயே முற்றியோ போகும். அந்த நிலையம் 2006-இல் மூடப்பட்டது. வேலை மட்டும் வேறு இடங்களில் தொடர்ந்தது. இன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் உள்ள ஃபோர் ஏ.ஜி. ரோபாட்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் கேமராவும் இயந்திரக் கையும் சேர்ந்த பறிப்பு இயந்திரங்களை விற்கின்றன.

அந்நாடுகளில் இதற்குப் பணம் போடுவதன் காரணம் நேரானது. மொட்டுக் காளான் ஒரே நாளில் ஏறக்குறைய இருமடங்கு பருமனாகும். இன்று சிறிது, நாளை சரி, மறுநாள் தொப்பியின் அடிச்சவ்வு கிழிந்து விரிந்துவிடும். விரிந்ததற்கு விலை குறைவு. எனவே இரவிலும் விடுமுறையிலும் பறிக்க ஆள் வேண்டும். அங்கே கூலி அதிகம், ஆளும் அரிது. அவர்களுடைய பண்ணைகளில் அலுமினிய அடுக்குகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம்; இயந்திரம் தண்டவாளம்போல் அதில் ஓடும். நமது குடில்களில் உறியில் கட்டித் தொங்கவிட்ட பைகளில் நாலாபுறமும் காளான் முளைக்கிறது. இங்கே பறிக்கும் இயந்திரம் பேச்சுக்கும் பொருந்தாது. நமக்குப் பொருந்தக்கூடியது பார்க்கும் கேமரா மட்டுமே.

கணினி பார்ப்பது எப்படி என்றால், அதற்குக் காளானைப் பற்றி எதுவும் தெரியாது. பறிக்கத் தயாரான காளான் இது, இன்னும் ஒரு நாள் போக வேண்டியது இது, நோய் பிடித்தது இது என்று மனிதர்கள் குறியிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். புதிய படம் வந்தால், பழகிய படங்களில் எதை ஒத்திருக்கிறது என்று அது சொல்கிறது. பருப்புக் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆறு மாதம் சாக்குகளைப் பார்த்துப் பார்த்து ரகம் பிரிக்கக் கற்பது போலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நமது பையன் வேறு விளக்கடியில் பார்த்தாலும் துவரையைத் துவரை என்பான். கணினி வெள்ளை விளக்கில் பழகியிருந்து, நமது குடிலில் மஞ்சள் விளக்கு இருந்தால், நல்ல காளானையே பழுப்புநோய் என்று சொல்லக்கூடும். ஐரோப்பாவின் மொட்டுக் காளான் படங்களில் பழகிய செயலிக்கு நமது பால் காளானைக் காட்டினால் அது சொல்வதற்குப் பொருள் ஏதும் இல்லை. எந்த ரகத்தின் படங்களில், எந்தப் பண்ணையில் பழக்கியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அளவெடுப்பதில் கேமரா கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்கிறது. மேலிருந்து பார்த்தால் தொப்பி ஒரு வட்டம். வட்டத்தை அளப்பது கணினிக்கு எளிது. மணிக்கொரு படம் எடுத்தால் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதும், நாளை காலை எத்தனை பறிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். சிப்பிக் காளானில் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் தொப்பி ஓரம் மேல்நோக்கி மடங்கத் தொடங்கினால், வித்துத் தூள் கொட்டப்போகிறது என்று பொருள். அத்தூளை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் மூச்சு முட்டலும் வருகின்றன. ஓரம் மடங்குமுன் பறிக்கச் சொல்லி கேமரா நினைவூட்டினால் வேலையாட்களின் நெஞ்சுக்கும் நல்லது, சரக்குக்கும் நல்லது.

நோய் கண்டுபிடிப்பதில் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. காளான் அறையின் பெரிய எதிரி பச்சைப் பூசணம். அது முதலில் வெள்ளையாகவே வளர்கிறது. நல்ல காளான் இழையும் வெள்ளை. வித்து விட்ட பிறகுதான் பச்சை நிறம் வரும். கேமரா சிவப்பு விளக்கைப் போடும் நேரத்தில் அந்தப் பை ஏற்கெனவே கோடிக்கணக்கான வித்துகளை அறைக்குள் ஊதியிருக்கும். இதைத் தடுப்பது வைக்கோலைச் சரியாக வேகவைப்பது, கை கழுவுவது, வாசலில் கால் நனைத்து நுழைவது, கெட்ட பையை விசிறியை நிறுத்திவிட்டு மூடி எடுத்துச் செல்வது ஆகிய பழைய வேலைகள்தாம். இந்த வேலைகளில் சோம்பல் உள்ள பண்ணையில் எத்தனை கேமரா மாட்டினாலும் சரக்கு தேறாது.

கேமரா என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் புற்றுக்காளான், காட்டுக் காளான் என்று கூடையில் கொண்டுவந்து தருபவர்கள் உண்டு. தொலைபேசியில் படமெடுத்தால் நல்லதா, நஞ்சா என்று சொல்லிவிடும் செயலிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நஞ்சுத் தகவல் மையத்துக்கு வந்த 78 காளான்களை வைத்து இத்தகைய மூன்று செயலிகளைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றில் சிறந்தது என்று தேறிய செயலியே இரண்டில் ஒன்றைத்தான், அதாவது 49 விழுக்காட்டைத்தான், சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து உணவுப் பொருள் விற்க முடியாது. வளர்த்த இடம் தெரியாத காளானைக் கடையில் வைக்கவே வேண்டாம்.

வாங்கும் இடத்தில்

இனி நமது காரியம். கருவி வைத்துள்ள பண்ணையாளரிடமிருந்து கடைக்காரருக்குக் கிடைக்க வேண்டிய நன்மைகள் இரண்டு. ஒன்று, முன்கூட்டிய அளவு. நாளை எத்தனை கிலோ வரும் என்பது இன்று மாலையே தெரிந்தால், வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு என்று நாம் பார்த்து எடுக்கலாம். காளான் ஒரே சீராகக் காய்ப்பதில்லை. ஒரு பறிப்பு முடிந்து அடுத்தது வர மொட்டுக் காளானில் ஒரு வாரம் போல ஆகும். முதல் இரண்டு பறிப்பில் விளைச்சலின் பெரும்பகுதி வந்துவிடும். இதை அறியாமல் தினம் இத்தனை பொட்டலம் என்று ஒப்பந்தம் செய்வதால்தான், ஒருநாள் சரக்கில்லை என்பதும் மறுநாள் இரண்டு நாள் சரக்கைச் சேர்த்துத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. கேமரா வைத்திருக்கிறேன் என்பவர் முதல்நாள் மாலை அளவு சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேமரா பார்வைக்கு வைத்த பொம்மைதான்.

இரண்டாவது, பறித்த நேரமும் குளிரூட்டிய நேரமும் எழுதிய பதிவு. காளானின் ஆயுள் பறித்த நிமிடத்திலிருந்து கரையத் தொடங்குகிறது. 0 முதல் 2 டிகிரி வரையிலான குளிரில் மொட்டுக் காளான் ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாக நிற்கும்; நமது கோடை வெப்பத்தில் ஒரு நாள் நின்றால் அதிகம். காலை ஐந்து மணிக்குப் பறித்து, பத்து மணி வரை வெளியில் கிடந்து, பிறகு குளிரில் வைத்த பொட்டலம் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். நமது குளிர்பெட்டிக்கு வந்த மறுநாள் பழுக்கும். அப்போது பழி நமது குளிர்பெட்டியின் மேல்தான் விழும். பெட்டியோடு பயணம் செய்து வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் தீப்பெட்டி அளவுச் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கொத்தாக எடுக்கும் மொத்த வியாபாரி ஒன்றிரண்டு வாங்கிப் பெட்டிக்குள் போட்டு அனுப்பினால், வழியில் எங்கே சூடேறியது என்ற வழக்கு எழாது.

முதலீட்டுத் திட்டத்துடன் வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி, பை, வித்து எல்லாம் நாங்களே தருகிறோம், விளைந்ததை நாங்களே திரும்ப வாங்குகிறோம் என்பது பழைய பாட்டு. கருவி புதிதானதால் பாட்டு மாறிவிடவில்லை. திரும்ப வாங்கும் விலை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? எந்தத் தரத்துக்கு அந்த விலை, தரம் பிரிப்பவர் யார்? அவர்கள் வாங்க வராத நாளில் வேறு ஒருவருக்கு விற்க உரிமை உண்டா? வித்தை வேறிடத்தில் வாங்கலாமா? ஏற்கெனவே ஓராண்டு நடத்தியவரின் கணக்கைப் பார்க்க முடியுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை வராத திட்டத்தில் கடை முதலை இறக்குவது சரியன்று. மேலும், மளிகைக் கிடங்கின் ஒரு பக்கத்தில் 90 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் மிளகாயும் மல்லியும் பருப்பும் வைப்பது நடவாத காரியம். பூசண வித்தும் ஈரமும் சுவரைத் தாண்டி வரும். ஆசை இருந்தால் தனிக் கட்டடம், தனிப் பொறுப்பாளர் என்று போக வேண்டும். கடையைப் பார்த்துக்கொண்டே இதையும் பார்க்கலாம் என்பவர்கள் காளானுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைக்குள் செய்ய வேண்டியவை சில. காளான் பொட்டலத்தின் மேலுறையில் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஈரம் ஒழுகுகிறது என்று அத்துளைகளை ஒட்டித்தாள் போட்டு மூடவே கூடாது. காளான் மூச்சு விட்டு உள்ளிருக்கும் பிராண வாயுவைத் தீர்த்துவிடும். காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சைத் தரும் கிருமி வளரும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இக்கிருமியை இட்டு, மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடிய காளானை 20 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது, மூன்று நான்கு நாட்களிலேயே நஞ்சு உண்டானதை 1975-இல் வெளியிட்டனர். துளையிட்ட உறை அதன் பிறகுதான் வலியுறுத்தப்பட்டது. விற்காத பொட்டலத்தைப் பிரித்து வேறு பையில் இறுக்கி ஒட்டித் தேதி மாற்றும் வேலையில் இறங்குபவர்கள் இதை இருமுறை படிக்கவும்.

வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கு அருகே வைத்தால் காளான் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் கதவோரத்தில் வைக்காமல் உட்புறம் வைக்க வேண்டும். ஆனால் பின்சுவரில் ஒட்டி வைத்தால் உறைந்து கண்ணாடி போலாகி, எடுத்ததும் நீர் விடும். நமது குளிர்பெட்டி உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்க, அதன் கதவில் எரியும் எண்ணை நம்ப வேண்டாம். மிகக் குறைந்ததையும் மிக அதிகத்தையும் நினைவில் வைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, அதன் முனையை ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியில் இறக்கிக் காளானுக்குப் பக்கத்தில் வைக்கலாம். தண்ணீருக்குள் இருப்பதால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் எண் துள்ளாது. சரக்கின் உண்மையான சூட்டை ஒட்டியே காட்டும். இரவு கடை மூடும்போதும் காலை திறக்கும்போதும் இரண்டு எண்களைக் கணக்குப் புத்தக ஓரத்தில் குறித்து வந்தால், சரக்கு ஏன் கெட்டது என்று பண்ணையாளரிடம் பேசும்போது நமது கையிலும் ஒரு பதிவு இருக்கும்.